பாட்டு நின்ற பிறகும் நிற்காத உறுமல்

பாட்டை நிறுத்தியாயிற்று. வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியாயிற்று. செல்போனிலிருந்து வரும் வயரையும் உருவிப் போட்டாயிற்று. ஆனாலும் பெட்டிக்குள்ளிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிய புதிதில் இது இல்லை. நாலைந்து வருடம் கழித்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் தொடங்கியது. பகலில் தெருச் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கிறது, ராத்திரி ஊர் அடங்கியதும் நன்றாகவே கேட்கிறது.

“ஸ்பீக்கர் போயிருச்சு” என்று சொல்லிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். இல்லையென்றால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தன்னிடம் வந்த மின்சாரத்தை அது சத்தமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். உறுமலை யாரோ அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அது யார் என்று பார்க்க, எங்கள் வீட்டில் எட்டு வருடம் பாடிய ஒரு டூ பாயிண்ட் ஒன் செட்டைத் தூக்கிக்கொண்டு திருத்தங்கலுக்குப் போனேன். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டிகள் இரண்டு. நின்ற நாராயணப் பெருமாள் மலைமேல் நிற்கும் ஊர் அது. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. டீக்கடை, தையல் கடை, காலண்டர் வேலை நடக்கும் கூடம் என்று எங்கே போனாலும் ஒரு பெட்டி பாடிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சியின் மேசையில்தான் இந்த அத்தியாயத்தின் பாதியைக் கற்றேன்.

உறுமலின் சுருதி

முதலில் உறுமலைக் காதால் சோதிக்கலாம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஒவ்வொரு ஊசலிலும் ஒரு முன்தள்ளல், ஒரு பின்தள்ளல். பெட்டிக்குள் இருக்கும் டயோடுகள் பின்தள்ளலையும் முன்பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. ஆகவே உள்ளே போகும் மின்சாரம் நொடிக்கு 100 துடிப்புகளாகப் போகிறது.

பாடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் கேட்டுப்பாருங்கள். ஆண்குரலின் ஒரு கட்டைச் சுருதிக்கு மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் நொடிக்குச் சுமார் 98 அதிர்வு. பழுதான பெட்டியின் உறுமல் அந்தப் பஞ்சமத்தை ஒட்டியே நிற்கும்.

இதைவிடத் தாழ்ந்த, 50 அதிர்வுச் சத்தமும் உண்டு. அது பெரும்பாலும் வயர் பிடித்துக்கொண்டு வருவது. வயரைத் தொட்டால் கூடும், உருவினால் போய்விடும். வயரை உருவி, வால்யூமைக் குறைத்த பிறகும் அசையாமல் நிற்கிற சத்தமே நாம் தேடுவது. அது பெட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது.

மைக் செட்டுக்கு இல்லாத தொல்லை

திருவிழாவில் கட்டும் மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குழாய் கம்பத்தின் உச்சியில் இருக்கும். பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபயர், கீழே பந்தலுக்குள் ஒரு மேசையில் நாலு பக்கமும் காற்றாட உட்கார்ந்திருக்கும். சூடானால் ஒரு மேசை ஃபேனைத் திருப்பிவிடுவார்கள். இருபது வருடம் உழைத்த மைக் செட் பெருக்கிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெருக்கியைப் பெட்டிக்குள்ளேயே வைக்கும் யோசனையும் புதிதல்ல. இன்றைய ஸ்பீக்கரின் மூலவடிவத்தை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டார்கள். அதை வைத்து 1926-இல் விற்பனைக்கு வந்த ‘ரேடியோலா 104’ பெட்டிக்குள்ளேயே பெருக்கியும் இருந்தது. வசதி என்னவோ பெரிய வசதிதான். ஒரே ஒரு பிளக், வேலை முடிந்தது.

அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை சூடு. தடித்த ‘தும்’ ஓசை வேண்டுமென்றால் பெட்டி நாலு பக்கமும் அடைத்திருக்க வேண்டும். முன்பக்கம் அசையும் காற்றும் பின்பக்கம் அசையும் காற்றும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தடித்த ஓசை காணாமல் போய்விடும். அதனால் மரப்பெட்டியை மூடி, அளவாக ஒரே ஒரு துளை வைக்கிறார்கள். அந்த மூடிய பெட்டிக்குள்தான் டிரான்ஸ்ஃபார்மரும் பெருக்கியும் உட்கார்ந்திருக்கின்றன. ஓசைக்கு நல்ல பெட்டி, பெருக்கிக்கு அடுப்பு.

தொட்டி

நொடிக்கு 100 துடிப்பாக வரும் மின்சாரத்தை அப்படியே பெருக்கிக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு இரண்டு துடிப்புக்கும் நடுவே வறட்சி வருகிறது. தினமும் குழாயில் தண்ணீர் வராத ஊரில் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டுகிறோமே, அதே ஏற்பாடு இங்கேயும் உண்டு. துடிப்பு வரும்போது நிரம்பி, வராதபோது கொடுக்கும் தொட்டி. அதற்கு மின்தேக்கி என்று பெயர். மெக்கானிக்குகள் வாயில் கண்டென்சர். நானும் அப்படியே சொல்கிறேன். அதன் கொள்ளளவை மைக்ரோஃபாரட் என்ற அளவில் அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

எங்கள் பெட்டியில் 3300 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் இரண்டு. அதில் ஏறத்தாழ 17 வோல்ட் நிற்கும். பெருக்கி ஒரு ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அடுத்த துடிப்பு வருவதற்குள் தொட்டியின் மட்டம் 3 வோல்ட் இறங்கும். பெருக்கி அதைப் பொறுத்துக்கொள்ளும். அதே தொட்டி 800 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கிவிட்டால் மட்டம் 12 வோல்ட் இறங்கும். 17-இல் 12 போனால் மிஞ்சுவது 5. பாட்டு உரக்க வரும் இடத்திலெல்லாம் குரல் பிசிறுவது இதனால்தான். பாட்டே இல்லாதபோதும் பெருக்கி கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டேயிருக்கும். அந்தக் கொஞ்சத்துக்கே மட்டம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. நாம் கேட்கிற உறுமல், தொட்டியின் மட்டம் தளும்பும் சத்தம்.

தொட்டி ஏன் சுருங்கும்? கண்டென்சரை அறுத்துப் பார்த்தால் அலுமினியத் தாளும் காகிதமும் சுருட்டிவைத்திருப்பது தெரியும். அலுமினியமும் காகிதமும் சிவகாசிப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. பட்டாசில் பளீரென்ற வெள்ளை வெளிச்சம் தருவது அலுமினியத் தூள், அதைச் சுற்றியிருப்பது காகிதம். கண்டென்சருக்குள் அலுமினியத் தாளின் மேல் ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலம். காகிதமோ ஒரு திரவத்தில் ஊறியிருக்கிறது. அந்த ஈரம் படலத்தோடு ஒட்டியிருக்கும்வரைதான் கண்டென்சர் கண்டென்சராக இருக்கும்.

அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் அதன் வழியே திரவம் ஆவியாகிக் கசிந்துகொண்டேயிருக்கும். ஈரம் குறையக் குறையக் கொள்ளளவு சுருங்குகிறது, உள்ளே தடை கூடுகிறது. தடை கூடினால் கண்டென்சர் தானே சூடாகிறது. சூடானால் இன்னும் சீக்கிரம் காய்கிறது. ஆரம்பத்தில் மெதுவாக நடக்கிற சீரழிவு கடைசியில் வேகமாக நடப்பதற்கு இதுவே காரணம்.

வெயில் கணக்கு

கண்டென்சரின் மேல் ‘85 டிகிரி’ என்றோ ‘105 டிகிரி’ என்றோ அச்சிட்டிருக்கும். சாதாரணக் கண்டென்சரை 85 டிகிரி சூட்டில், முழுப் பாரத்தோடு, 2000 மணி நேரம் ஓட்டலாம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்வது வழக்கம். 2000 மணி நேரம் என்பது மூன்று மாதத்துக்கும் கீழே. பயப்பட வேண்டாம். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கைக்கணக்கு. சூடு கூடினால் வேதிமாற்றம் எந்த வேகத்தில் கூடும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வான்டே அரீனியஸ் 1889-இல் சொன்னதன் எளிய வடிவம் இது. இட்லி மாவு சித்திரையில் சாயங்காலத்துக்குள் பொங்குவதும், மார்கழியில் விடிந்தும் பொங்காமல் இருப்பதும் நமக்குத் தெரிந்ததுதானே.

இப்போது திருத்தங்கலின் மே மாதத்துக்கு வருவோம். ஓட்டுக் கூரை அறைக்குள் 38 டிகிரி. பாடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள், பெருக்கியின் அருகே, இன்னும் 27 டிகிரி கூட இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைத்த பெட்டிக்கு அது அதிகமில்லை. மொத்தம் 65. 85-ஐவிட 20 டிகிரி குறைவு. ஆகவே ஆயுள் நாலு மடங்கு, 8000 மணி நேரம். ஒரு டீக்கடையில் தினம் எட்டு மணி நேரம் பாடினால் 1000 நாள். மூன்று வருடம்கூட இல்லை.

அதே பெட்டியை ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். அறைக்குள் 18 டிகிரி. இருபது டிகிரி குறைந்தது, ஆயுள் இன்னும் நாலு மடங்கு. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று மூன்று வருடத்தில் உறுமும், மற்றது பத்து வருடத்தைத் தாண்டும். திருத்தங்கலில் வருடம் முழுக்க மே மாதம் இல்லை, 2000 மணி முடிந்த அன்றைக்கே கண்டென்சர் செத்துவிடுவதும் இல்லை. அந்தத் தள்ளுபடி எல்லாம் கொடுத்த பிறகும் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். மருந்து அடைத்த பட்டாசை மேடையில் உலர்த்தித் தருகிற வெயில், ஊரில் உள்ள கண்டென்சர்களையும் உலர்த்திக்கொண்டிருக்கிறது.

இன்னொரு செலவும் இருக்கிறது. பல பெட்டிகளில் ரிமோட்டால் அணைத்தால் விளக்கு மட்டும் அணையும், டிரான்ஸ்ஃபார்மர் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பாட்டுக் கேட்காத ராத்திரியிலும் உள்ளே 55 டிகிரி இருந்தால் 16,000 மணி நேரம். வருடத்துக்கு 8760 மணி நேரம். இரண்டு வருடம் முடிவதற்குள் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

பெட்டியைத் திறந்தபோது

அண்ணாச்சி ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்பலகையை உருவியதும் முதலில் வந்தது கரிசல் தூசி. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்டென்சர் கால்களின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைக் கொஞ்ச நேரம் பிடித்தார். பிளக்கை உருவியபின்னும் தொட்டியில் மின்சாரம் நிற்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே போட்டுப் பொறி பறக்கவிடுவது தவறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு கண்டென்சர்களில் ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. தலையில் போட்டிருக்கும் கூட்டல்குறிக் கீறல் அழகுக்கு இல்லை. உள்ளே ஆவி முட்டினால் அந்த இடம் கிழிந்து வழிவிடவேண்டும், வெடிக்கக் கூடாது என்பதற்காக. 2000-க்குப் பிந்தைய சில வருடங்களில் உலகெங்கும் கணினிப் பலகைகளில் இப்படித் தலை உப்பிய கண்டென்சர்களை லட்சக்கணக்கில் மாற்றினார்கள். அங்கே குற்றம் சூட்டைவிடத் திரவத்தில் இருந்த கோளாறு.

மற்றக் கண்டென்சரின் தலை தட்டையாகத்தான் இருந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது.

“பாத்தா தெரியாது சார். காஞ்சது வெளிய காட்டாது” என்று சொல்லிக் கழற்றி மீட்டரில் வைத்தார். உப்பியது 1150 காட்டியது. தட்டையானது 780. அச்சிட்டிருந்தது இரண்டிலும் 3300.

அடுத்து அவர் பார்த்தவை மூன்று. பெருக்கும் வேலையைச் செய்யும் சில்லான ஐசிக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே தடவியிருந்த வெள்ளைப் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சூடு ஐசியிலிருந்து ஹீட் சிங்குக்குப் போக அந்தப் பேஸ்ட்தான் பாலம். கனமான டிரான்ஸ்ஃபார்மர் வயர் பலகையில் சேரும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை வட்டம் ஓடியிருந்தது. தினமும் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ஈயம் விட்டுக்கொடுத்த இடம் அது. டிரை சால்டர் என்பார்கள். தட்டினால் பாடி, தட்டாவிட்டால் நிற்கிற பெட்டிகளுக்கு நோய் பெரும்பாலும் இதுவே. கண்டென்சர் ஆடாமல் இருக்கத் தயாரிப்பாளர் வைத்திருந்த மஞ்சள் பசை கரும்பழுப்பாகியிருந்தது. இது எனக்குப் புதுச் செய்தி. சூட்டில் பழுத்த பசை மெல்ல மின்சாரம் கடத்தத் தொடங்கும், பக்கத்துக் கம்பிகளை அரிக்கவும் செய்யும். அண்ணாச்சி அதை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தார்.

ஈயம் வைத்து, பேஸ்ட் தடவி முடித்ததும் நேராகப் பிளக்கில் சொருகவில்லை. சுவரில் தொங்கிய பலகையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று, பெட்டிக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் குறுக்கே நின்றது. இதற்கு சீரிஸ் பல்பு என்று பெயர். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பெட்டி பிழைக்கும். ஷார்ட் இல்லையென்றால் தொட்டி நிரம்பும் அந்த ஒரு கணம் மட்டும் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, இழை பல்புதான் வேண்டும். கடைகளில் அது அருகிவிட்டதால் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறார்.

பல்பு ஒரு கணம் பளிச்சிட்டது, மங்கியது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன். பஞ்சமம் போய்விட்டது.

அதே பொருளை அதே இடத்திலா?

இங்கே நின்றிருந்தால் பழுதுபார்த்த கதை. ஆனால் அதே 85 டிகிரி கண்டென்சரை, அதே ஹீட் சிங்குக்கு ஒரு விரற்கடை தள்ளி வைத்தால், அதே வருடக் கணக்கில் அதே உறுமல் திரும்பி வரும். பழுதுபார்ப்பவர் திருத்தி வடிவமைக்க வேண்டிய இடமும் இதுவே. இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம், சூடு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று பார்க்கும் கண் போதும்.

அண்ணாச்சி போட்டது 105 டிகிரி கண்டென்சர். 65 டிகிரிக்கும் அதற்கும் நடுவே 40 டிகிரி. நாலு தடவை இரட்டித்தால் பதினாறு மடங்கு, 32,000 மணி நேரம். டீக்கடைக் கணக்கில் 4000 நாள், ஏறத்தாழ 11 வருடம். பழைய இடத்திலிருந்து சின்ன வயர் நீட்டி, ஹீட் சிங்கைவிட்டு நாலு விரல் தள்ளிக் கண்டென்சர்களைப் படுக்கவைத்துக் கட்டினார். அங்கே பத்து டிகிரி குறைந்தால் தாளில் 22 வருடம் வரும். அதை நான் நம்பமாட்டேன்; அதற்குள் ரப்பர் அடைப்பே கிழடாகிவிடும். வயரை இதைவிட நீட்டவும் கூடாது. தொட்டி தூரப்போனால் பெருக்கி தடுமாறும். 25 வோல்ட்டுக்குப் பதில் 35 வோல்ட் கண்டென்சர் போட்டதும் நல்ல முடிவு. ராத்திரி மில்கள் நின்றதும் லைனில் வோல்டேஜ் ஏறுகிற ஊர்களுக்கு அந்த இடைவெளி வேண்டும். அத்தனைக்கும் ஆன செலவு ஒரு ஓட்டல் சாப்பாட்டை ஒட்டித்தான் வந்தது.

பலகையையே மாற்றலாமா?

இப்போது கடைகளில் தீப்பெட்டி அளவுப் பெருக்கிப் பலகைகள் கிடைக்கின்றன. டி வகைப் பெருக்கி என்பார்கள். பழைய பெருக்கி, குழாயைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டே நிற்கிற ஆள் மாதிரி. திறக்காத பாதியின் அழுத்தம் முழுக்கச் சூடாகப் போகிறது. பழைய ஃபேன் ரெகுலேட்டர் பெட்டி தொட்டால் சுடுமே, அதே கதை. டி வகைப் பெருக்கி குழாயைப் பாதி திறப்பதே இல்லை. ஒன்று முழுதாகத் திறக்கும், இல்லை முழுதாக மூடும். நொடிக்குச் சில லட்சம் தடவை இப்படித் திறந்து மூடி, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதால் பாட்டின் மேடுபள்ளத்தை வரைகிறது. அந்தப் படபடப்பை ஒரு காயிலும் சின்னக் கண்டென்சரும் சமன்செய்கின்றன. சராசரியாக 5 வாட் பாட்டுக்குப் பழைய பெருக்கி ஏறத்தாழ 13 வாட்டைச் சூடாக விடும். இது ஒன்றிரண்டு வாட்டோடு நின்றுவிடும். யோசனை பழையது. இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் 1964-லேயே இதைக் கிட்டாக விற்றது. அதற்கேற்ற வேகமான டிரான்சிஸ்டர்கள் அன்றைக்கு இல்லை.

அடைத்த பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெருக்கி கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. எங்கள் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, அதாவது நடுவயரிலிருந்து இரண்டு ஓர வயருக்கும் 12 வோல்ட். ஓர வயர் இரண்டையும் எடுத்தால் 24 வோல்ட்தானே என்று தோன்றும். டயோடும் கண்டென்சரும் தாண்டியபின் அது 34 வோல்ட். பரவலாக விற்கும் டிபிஏ 3116 ஐசி தாங்குவது 26 வோல்ட் வரை, போட்ட நொடியிலேயே போய்விடும். நடுவயரையும் சேர்த்து இரண்டு டயோடுகளால் எடுத்தால் 16, 17 வோல்ட் வரும். அது பொருந்தும். அடுத்த கண்ணி சின்னப் பெட்டிகள் சொருகும் சாக்கெட்டுகளில் இருக்கிறது. பழைய பெருக்கியில் அவற்றின் வெளி வளையம் உலோகத் தகட்டோடு சேர்ந்திருக்கும். இந்த வகைப் பலகைகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் ஓசை ஓடுகிறது. தகட்டில் பட்டால் ஷார்ட். சாக்கெட்டைத் தனிமைப்படுத்திவிட்டே மாற்ற வேண்டும். தடித்த ஓசையை மட்டும் பிரித்துப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னப் பலகையைக் கழற்றி எறிந்துவிடவும் கூடாது.

என் முடிவு இது. பழைய ஐசி உயிரோடு இருந்தால் கண்டென்சரையும் சூட்டையும் மட்டும் திருத்துங்கள். ஐசி எரிந்திருந்து, சந்தையில் கிடைப்பது போலி ஐசியாக இருந்தால் டி வகைக்கு மாறுங்கள். அண்ணாச்சி என் பெட்டியை முதல் வகையில் சேர்த்தார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

உறுமலைக் கேட்டும் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். காய்ந்த தொட்டியில் தவிக்கும் பெருக்கி கடைசியில் ஐசியை எரிக்கும், ஐசி எரியும்போது ஸ்பீக்கரின் காயிலையும் கூட்டிக்கொண்டு போகும். ராத்திரி ரிமோட்டால் அணைக்காமல் சுவர் சுவிட்சை அணையுங்கள். பெட்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போது 105 டிகிரி கண்டென்சர் போடச் சொல்லிக் கேளுங்கள். பின்பலகையை மூடுவதற்கு முன் அண்ணாச்சி புதுக் கண்டென்சரின் மேல் மார்க்கரால் தேதியை எழுதினார். உங்கள் மெக்கானிக்கையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவருக்கு அது உதவும்.